நோம்பிப் பேச்சு

ஆங்கிலத்தில் முறைப்படி ஒருவரைப் புகழ்வதற்கு நாலைந்து சொற்கள் இருக்கின்றன. யூலஜி, என்கோமியம், பானிஜிரிக் என்று. தமிழில் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் ‘புகழுரை’ என்று போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். பத்திரிகைத் தமிழில் இன்னும் எளிது, ‘புகழாரம் சூட்டினார்’ என்று முடிந்துவிடும். புகழால் கட்டிய மாலை. மாலையை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை, போட்டோ எடுத்ததும் கழற்றி நாற்காலி மேல் வைத்துவிடுவார்கள்.

மூன்றுமே கிரேக்கத்திலிருந்து வந்தவை. யூலஜி என்றால் நல்ல சொல், அவ்வளவுதான். என்கோமியத்துக்குள் ‘கோமோஸ்’ இருக்கிறது. போட்டியில் ஜெயித்தவனைக் குடியும் கூத்துமாக வீட்டுக்குக் கூட்டிப் போகும் ஊர்வலம் அது. பானிஜிரிக்தான் விசித்திரமானது. அதற்குள் புகழ் என்ற பொருளே கிடையாது. ‘பான்’ என்றால் எல்லாம். பின்பாதி கூட்டத்தைக் குறிப்பது. இரண்டும் சேர்ந்த ‘பானேகுரிஸ்’ என்பது ஊரெல்லாம் வந்து கூடும் திருவிழா. எங்கள் பல்லடம் பக்கத்துப் பேச்சில் சொன்னால் நோம்பி. மாரியம்மன் நோம்பி என்போமே, அந்த நோம்பி. ஆக பானிஜிரிக் என்பதை நேராகத் தமிழாக்கினால் ‘நோம்பிப் பேச்சு’ என்றுதான் வரும்.

இது வெறும் சொல்விளையாட்டு இல்லை. இந்தப் பெயரைத் தாங்கிய முதல் பெரிய உரை ஐசாக்ரடீஸ் கி.மு. 380 வாக்கில் எழுதியது. அதில் எந்த ராஜாவையும் அவர் தூக்கிப் பிடிக்கவில்லை. ஏதென்ஸ் நகரத்தைப் புகழ்கிறார், புகழ்ந்துகொண்டே, ‘உங்களுக்குள் அடித்துக்கொள்வதை விட்டுவிட்டுப் பாரசீகத்துக்கு எதிராக ஒன்று சேருங்கள்’ என்று கிரேக்கர்களுக்குப் புத்தி சொல்கிறார். அதை எழுதப் பத்து வருஷம் எடுத்துக்கொண்டார் என்று ஒரு பழங்கதை உண்டு. அடுத்த தலைமுறையில் அரிஸ்டாட்டில் இதையே விதியாகச் சொல்லிவிட்டார். புகழ்ச்சியும் அறிவுரையும் ஒரே சரக்கு, சொல்லும் விதத்தை மாற்றினால் ஒன்று இன்னொன்றாகிவிடும் என்பது அவர் கருத்து.

சொல் சுருங்கியது ரோமில். கி.பி. 100-ல் பிளினி செனட்டில் எழுந்து, தனக்குக் கான்சல் பதவி தந்ததற்காகப் பேரரசர் டிராஜனுக்கு நன்றி சொன்னார். பிறகு அதை விரித்து எழுதி, நண்பர்களைக் கூட்டி வைத்து மூன்று நாள் படித்துக் காட்டினார். (அந்த நண்பர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பெருமையாக அவரே ஒரு கடிதத்தில் இதை எழுதியும் வைத்திருக்கிறார்.) பின்னால் வந்த பேரரசர்களுக்குச் சொன்ன உரைகளையும் சேர்த்துப் பன்னிரண்டு உரைகள் கொண்ட தொகுப்பு ஒன்று உண்டாயிற்று. பிளினியுடையதுதான் அதில் முதலாவது, மற்றவர்களுக்கு அதுவே மாதிரி. கூட்டத்தைப் பார்த்து நின்றவன் சிம்மாசனத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஆங்கிலத்துக்குள் இந்தச் சொல் 1600 வாக்கில் வந்து சேர்ந்தது. இன்று ஒருவர் எழுதியதை பானிஜிரிக் என்று சொன்னால், ‘கொஞ்சம் ஜால்ரா சத்தம் கேட்குது’ என்ற குறிப்பும் கூடவே வந்துவிடுகிறது.

தமிழ் இந்த விஷயத்தில் என்ன செய்தது? தொல்காப்பியச் செய்யுளியல் வாழ்த்தை ஒட்டிச் சில வகைகளைச் சொல்கிறது. புறநிலை வாழ்த்து, வாயுறை வாழ்த்து, அவையடக்கியல், செவியறிவுறூஉ. நீ வணங்கும் தெய்வம் உன்னைக் காக்கட்டும் என்பது முதலாவது. வாயுறை வாழ்த்து வேப்பங்காய் போலக் கசக்கும், மருந்தாக வேலை செய்யும். செவியறிவுறூஉ பெரியவர்கள் முன்னால் அடங்கி நடக்கச் சொல்வது. அவையடக்கியல் பேசுகிறவன் கூட்டத்துக்குப் பணிந்து சொல்வது. எனக்கு இதில் ஆச்சரியம், வாழ்த்து என்று எடுத்ததுமே கசப்பும் கூட்டமும் கணக்கில் வந்துவிடுகின்றன என்பதுதான். அரிஸ்டாட்டில் ஒரு வாக்கியத்தில் தொட்டதைத் தமிழ் இலக்கணம் பெயர் கொடுத்துப் பிரித்து வைத்திருக்கிறது.

ஆனால் புகழுக்கு விலையும் எழுதி வைத்தார்கள். பதிற்றுப்பத்தின் ஒவ்வொரு பத்துக்கும் பிற்காலத்தில் சேர்த்த பதிகங்களில் புலவர் பெற்ற பரிசு கணக்குப்பிள்ளைத்தனமாகப் பதிவாகியிருக்கிறது. கபிலருக்கு நூறாயிரம் காணமும், மலை மேல் நின்று கண்ணுக்கு எட்டிய நாடும். அரிசில்கிழாருக்கு ஒன்பது நூறாயிரம் காணமும் அரசுகட்டிலும். அவர் கட்டிலை மறுத்து அமைச்சுப் பதவியை எடுத்துக்கொண்டார். விவரமான ஆள் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

இதே சேரர்களோடு ஆய்வாளர்கள் இணைத்துப் பார்க்கும் ஒரு கல்வெட்டு கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் இருக்கிறது. பாட்டன், மகன், பேரன் என்று மூன்று இரும்பொறைகளின் பெயர். பேரன் இளவரசனானபோது செங்காயபன் என்ற சமணத் துறவிக்கு வெட்டிக் கொடுத்த கற்படுக்கை. அவ்வளவுதான் செய்தி. வீரன், வள்ளல் என்று ஒரு அடைமொழி கிடையாது. பாட்டில் கடலையும் மலையையும் கலக்கிய வம்சம் பாறையில் வெறும் பெயராக நிற்கிறது. துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுக்கும் இடத்தில் புகழ்ச்சி எதற்கு என்று நினைத்தார்களோ என்னவோ, பிறகு வந்த சோழர்கள் அப்படி நினைக்கவில்லை. ராஜராஜன் காலத்திலிருந்து கோயிலுக்கு ஆடு கொடுத்த கல்வெட்டும் மெய்க்கீர்த்தியோடுதான் ஆரம்பிக்கும். வருஷம் ஏற ஏற அது நீண்டுகொண்டே போகும்.

விலையைத் தாண்டி நின்றவர் என்று நான் நினைப்பது பெருஞ்சித்திரனாரை. புறநானூற்று 208-ம் பாட்டில், அதியமான் அவரை நேரில் பார்க்காமலே பரிசு கொடுத்தனுப்புகிறான். அவர் வாங்க மறுக்கிறார். நான் வியாபாரி இல்லை, என் தகுதியைக் கண்டு தினையளவு கொடுத்தாலும் போதும் என்கிறார். இதைப் பொதுவாகப் புலவரின் செருக்கு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுப்பார்கள். செருக்கு இருக்கிறது, இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய புகார் தொகையைப் பற்றியது இல்லை. பாடுபவனும் கேட்பவனும் முகம் பார்த்து நிற்காத இடத்தில் நடப்பது புகழ் இல்லை, பட்டுவாடா என்கிறார்.

இவ்வளவும் சொல்லி வந்தது கொங்கு மங்கல வாழ்த்தைப் பற்றிப் பேசுவதற்காக. என்னைக் கேட்டால் தமிழில் இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே நிஜமான பானிஜிரிக் அதுதான்.

தெரியாதவர்களுக்கு: கொங்கு வேளாளர் கல்யாணங்களில் சீர்களுக்கு நடுவே குடிமகன், அதாவது அந்த ஊருக்குச் சவரத்தொழில் செய்துவந்த நாவிதர் சமூகத்தவர், எழுந்து நின்று பாடும் நீண்ட வாழ்த்து. நான் கேட்டவற்றில் அடிக்கு அடி நிறுத்துவார், மத்தளத்தில் ஒரு தட்டு விழும், அடுத்த அடி. ராகம் என்று பெரிதாக இல்லை. கணபதியில் ஆரம்பித்து, ஒரு கல்யாணம் எப்படி நடக்கிறது என்பதையே வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகும். பொருத்தம் பார்ப்பது, உறவுமுறையை அழைப்பது, பந்தல், சீர், தாலி, விருந்து. கடைசியில் தழைத்து வாழுங்கள் என்ற ஆசி.

இதை இலக்கியமாகப் படித்தவர்கள் பலருக்கும் ஏமாற்றம்தான். உவமை குறைவு, பட்டியல் அதிகம். ஒரு தமிழ்ப் பேராசிரியர் என்னிடம், ‘இது என்னங்க, கல்யாண நிகழ்ச்சி நிரல் மாதிரி இருக்குது’ என்றார். நிரல்தான். ஆனால் அந்த நிரலில் மாப்பிள்ளை எவ்வளவு படித்தவன், பெண் எவ்வளவு அழகு என்பதற்கு அதிக இடம் இல்லை. எந்தக் கல்யாணத்திலும் அதே பாட்டு, ஜமீன் வீட்டுக்கும் நாலு ஏக்கர் மானாவாரிக்காரனுக்கும் அதே வரிகள். புகழப்படுவது ஆள் இல்லை, கூடி வந்த கூட்டமும் அது செய்யும் காரியங்களும். நடந்துகொண்டிருக்கும் சடங்கை அதன் நடுவிலேயே நின்று ஒருவர் சொல்லிக் காட்டும்போது, கூடியிருப்பவர்கள் சாட்சியாகிவிடுகிறார்கள். நோம்பிப் பேச்சு என்றால் இதுதானே?

பல்லடத்தில் இப்போது நடக்கும் கல்யாணங்களில் இன்னொரு வாழ்த்தும் இருக்கிறது. வாழ்த்து மடல். கண்ணாடிச் சட்டமோ லேமினேஷனோ போட்டு, எதுகை மோனையோடு அச்சடித்தது. விசைத்தறிக்காரர் வீட்டுக் கல்யாணமானால் ‘நெசவு குலத் திலகமே’, கோழிப் பண்ணைக்காரர் வீடானால் ‘தொழில் வேந்தே’. சமீபத்தில் ஒரு மண்டபத்தில் மணமகனின் நண்பர் ஒருவர் மைக்கில் இதைப் படித்தார். பாதிக் கூட்டம் கீழே பந்தியில். மீதிப் பாதி மொய் எழுதும் வரிசையில். மேடையில் போட்டோகிராபர், ‘அண்ணா, மடலைக் கொஞ்சம் இப்படித் தூக்கிப் பிடிங்க’ என்றார். படித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தித் தூக்கிப் பிடித்தார், அதோடு முடிந்தது. யாருக்கும் ஒரு குறையும் தெரியவில்லை. பெருஞ்சித்திரனார் அனுப்பிவைத்த பரிசை மறுத்தது இந்த மாதிரி இடத்தைத்தான்.

அதற்காகப் பழையது பொன் என்று நான் எழுத வரவில்லை. மங்கல வாழ்த்தின் கூட்டத்தில் ஒரு பெரிய பள்ளம் இருந்தது. சபை முழுவதும் காது கொடுத்துக் கேட்ட அந்த மனிதருக்குச் சபையில் இருக்கை கிடையாது. தலை நரைத்தவரை வயசுப் பையன்கள் பெயர் சொல்லி, ‘வாடா, போடா’ என்றுதான் கூப்பிட்டார்கள். வாழ்த்திய கை வாங்கியது அரிசியும் வெற்றிலைபாக்கும் வேட்டியும், பந்தியில் கடைசி இடமும். கபிலர் மறுத்துவிட்டு வேறு அரசனிடம் போகலாம், பெருஞ்சித்திரனார் கோபித்துக்கொண்டு திரும்பலாம். ஊர்க் குடிமகன் ‘இந்த வீட்டுக்குப் பாட மாட்டேன்’ என்று சொல்லிவிட்டு எங்கே போவார்? மறுக்க முடியாதவன் சொல்லும் வாழ்த்துக்கு என்ன பெயர் வைப்பது என்று தொல்காப்பியத்திலும் இல்லை, அரிஸ்டாட்டிலிலும் இல்லை. வாயுறையின் கசப்புக்கு இந்தப் பாட்டில் இடமே இல்லாமல் போனதற்கும் காரணம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆகவே அந்த வீட்டுப் பிள்ளைகள் டிப்ளமோ படித்துத் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. ‘எங்கய்யனோட போச்சுங்க அது. எனக்கு நாலு அடி தெரியும், ஆனா நின்னு பாட மனசு வராதுங்க’ என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நியாயம்தான். பல மண்டபங்களில் இப்போது பதிவு செய்த ஒலியைப் போட்டுவிடுகிறார்கள். சில இடங்களில் வீட்டுக்காரர்களே புத்தகம் பார்த்துப் படிக்கிறார்கள்.

என் வருத்தம் வேறு இடத்தில். மங்கல வாழ்த்தைப் பாடியது கம்பர் என்பது வழக்கு. ஏர் எழுபது, திருக்கை வழக்கம் போன்ற வேளாளர் புகழ் நூல்களும் கம்பர் பெயரில்தான் வழங்குகின்றன. மங்கல வாழ்த்தின் மொழியைப் பார்த்தால் 12-ம் நூற்றாண்டு என்று என்னால் நம்ப முடியவில்லை. பேச்சு வழக்குகளும் பிற்காலச் சொற்களும் அடிக்கு அடி தட்டுப்படுகின்றன. ஒரு தலைமுறை பாடப் பாட அடுத்த தலைமுறை ஒட்டியும் வெட்டியும் வளர்த்த பாட்டு இது என்றுதான் தோன்றுகிறது. எழுத்து மறுக்கப்பட்டவர்கள் இத்தனை அடிகளை மனசிலேயே வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்றால் பதிப்பாசிரியர் வேலையும் அவர்கள்தானே செய்தார்கள்? கம்பர் பெயரைப் போட்டதும் அந்த வேலை முழுக்க மறைந்துவிட்டது. புகழை வாங்கிக்கொள்ளும் வீட்டுக்கும் அது வசதி. நம்மைப் புகழ்ந்தது கவிச்சக்கரவர்த்தி என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா.

என்னிடம் மங்கல வாழ்த்தின் சிறு பிரசுரங்கள் மூன்று இருக்கின்றன, கல்யாணங்களில் இனாமாகக் கொடுத்தவை. ஒன்றுக்கொன்று பாடம் வேறுபடுகிறது. ஒன்றில் இருக்கும் அடிகள் இன்னொன்றில் இல்லை. மூன்றிலும் அட்டையில் கம்பர் பெயர், உள்ளே அச்சிட்டு வழங்கும் குடும்பத்தின் பெயர், கூட்டம், காணி, குலதெய்வம். யார் பாடக் கேட்டு எழுதிக்கொண்டார்கள் என்பது ஒன்றிலும் இல்லை. அந்த மண்டபத்தில் பாதியில் நின்றுபோன வாழ்த்து மடலின் அடியில் நண்பர்கள் பெயர் மட்டும் இருபத்திரண்டு இருந்தது.