எச்சத்தில் விளையும் நெல்

வடபழனியிலிருந்து நடந்தே போய்விடலாம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்றொரு சாலை இருக்கிறது. அது பார்த்திருந்த ஏரி இன்று இல்லை. மாம்பலத்தை ஒட்டி நீண்டு கிடந்த அந்த ஏரியை 1920-களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். இங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தெற்கே, அதே தொண்டை மண்டலத்தில், சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு சிற்றேரி மட்டும் இரண்டு நூற்றாண்டுகளாகக் கரை குலையாமல் நிற்கிறது. அது வேடந்தாங்கல். பறவை பார்க்கப் பிள்ளைகளைக் கூட்டிப்போகும் நமக்கு, அது வயலுக்கு நீர் பாய்ச்சும் ஏரி என்பது பெரும்பாலும் நினைவில் நிற்பதில்லை.

ஊரார் அதை ஒருநாளும் மறக்கவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இங்கே பறவைகளைச் சுட்டபோது, குடியானவர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டார்கள். 1798-இல் பறவைகளைக் காக்கும் உரிமையை அவர் ஊருக்கு எழுதிக்கொடுத்தார். 1858-இல் அந்த உரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் சரணாலயமாக அங்கீகாரம் கிடைத்தது. 2022-இல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர் என்று இதை நாம் பாராட்டுகிறோம். அந்தக் கட்டுப்பாட்டுக்குப் பின்னால் அன்பும் இருக்கிறது, ஓர் உழவுக் கணக்கும் இருக்கிறது.

கணக்கு இதுதான். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பும்போது நீர்க்கடம்பும் கருவேலமும் இடுப்பளவு தண்ணீரில் நிற்கின்றன. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம் எல்லாம் அவற்றில் கூடு கட்டுகின்றன. பகலில் சுற்றுவட்டார ஏரிகளிலும் வயல்களிலும் மீனும் நத்தையும் தவளையும் தின்றுவிட்டு வந்து இங்கே எச்சமிடுகின்றன. தழைச்சத்தும் மணிச்சத்தும் கரைந்த அந்த நீர், மதகு வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்கிறது. உர மூட்டைச் செலவு குறைகிறது. நத்தைகுத்தி நாரை வயலில் இறங்கி நத்தைகளையும் பொறுக்கிவிடுகிறது. மண், நீர், உயிர் என்று மூன்றையும் ஒரே மடையில் சேர்த்த முறை இது. இதைத் திட்டமிட்டுத் தந்த நிறுவனம் எதுவும் இல்லை, மானியமும் இல்லை. பயன் கையில் கிடைத்ததால் பாதுகாப்பு நிலைத்தது. இந்த முறையின் ஆகப்பெரிய வலிமை அதுதான் என்பது என் கருத்து.

குறையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பறவை இரை தேடுவது பல ஊர்களில். எச்சத்தின் பயன் சேர்வது ஓர் ஊரின் ஆயக்கட்டில். பத்து, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஏரியில் மீன் குத்தகை எடுத்தவருக்குக் கூழைக்கடா நட்டக் கணக்கில்தான் வரும். அங்குள்ள உழவருக்கு நாரையைக் காக்க வேடந்தாங்கல்காரருக்கு உள்ள காரணம் இல்லை. அவர் தன் வயலில் பூச்சிக்கொல்லி அடித்தால் அது நத்தைக்குள்ளும் தவளைக்குள்ளும் போய், இரையாகக் கூட்டுக்குஞ்சின் அலகுக்கு வந்து சேரும். ஏரிக்குள் எவ்வளவு காவல் போட்டாலும் அந்த வழியை அடைக்க முடியாது. வேடந்தாங்கலைப் பற்றி எழுதப்படும் புகழுரைகளில் நான் அதிகம் காணாத செய்தி இது. கவலைப்பட வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

தண்ணீரிலும் இழுபறி உண்டு. மரத்தடியில் நிற்கும் நீர்தான் கூடுகளுக்கு அகழி. அது வற்றினால் நாயும் நரியும் மரத்தடிக்கு வந்துவிடும். ஆனால் குஞ்சுகள் இறகு முளைத்துப் பறக்கும் முன்பே பயிர் தண்ணீர் கேட்கும். மழை பொய்த்த ஆண்டில் மதகைத் திறப்பதா, மூடி வைப்பதா? இரண்டில் எதைச் செய்தாலும் ஒரு பக்கம் இழப்புதான். இன்னொன்று: எச்ச நீர் பாய்ந்த வயலுக்குப் பழக்கத்தில் யூரியாவையும் அள்ளிப் போட்டால், தழைச்சத்து மிஞ்சி நெல் சாயும், இலைச்சுருட்டுப் புழு பெருகும். பழைய முறையும் புதிய பழக்கமும் ஒரே வயலில் சேர்ந்தால் இரண்டின் பலனும் கெடும்.

மற்ற ஊர்கள் என்ன செய்தன? நெல்லைச் சீமையில் கூந்தன்குளத்துக்காரர்கள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்ட விடுகிறார்கள், எச்சத்தை எருவாக்கிக்கொள்கிறார்கள். கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூரில், பறவைகள் தங்குவதால் புளி உலுக்க முடியாமல் போகும் மரங்களுக்கு அரசு ஈட்டுத்தொகை தந்திருக்கிறது. இழப்பை ஒப்புக்கொண்டு அதற்கு விலை கொடுத்த முறை அது. வேடந்தாங்கலைச் சுற்றியுள்ள உழவர்களுக்கு அப்படி ஒரு கணக்கைத் தொடங்க வேண்டும்.

1998-இல் ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வரை சரணாலயம் என்று அறிவித்தது சரியான முடிவு. பறவையின் வாழ்வு வயல்களிலும் இருக்கிறது என்பதை அது ஏற்றது. 2020-இல் அதை 3 கிலோமீட்டராகச் சுருக்க முன்மொழிவு வந்தபோது எழுந்த எதிர்ப்பும் நியாயமானதே. ஆனால் எல்லைக் கோடு மட்டும் வயலில் விழும் நஞ்சைத் தடுக்காது. அந்த 5 கிலோமீட்டருக்குள் பூச்சிக்கொல்லியின்றி நெல் விளைவிப்பவருக்கு, விளைச்சல் குறையும் முதல் சில ஆண்டுகளிலாவது அரசு ஈடு தர வேண்டும். அந்த நெல்லைத் தனியாகக் கொள்முதல் செய்ய வேண்டும். சென்னைக்காரர்களாகிய நாமும் வேடந்தாங்கலுக்குத் தொலைநோக்கியோடு மட்டும் போகாமல், திரும்பி வரும்போது அந்த வயல்களின் அரிசியைக் கேட்டு வாங்கி வருவோம்.