தலைமையற்ற பணியகமும் தணியாத ஐயுறவும்

ஐக்கிய அமெரிக்காவிலே துப்பாக்கி உரிமைக்காக வாதிடுவோர், சுடுகலன்களைக் கட்டுப்படுத்தும் அரசாங்க நிறுவனத்தின்மீது கொண்டுள்ள ஐயுறவு, அவர்களை மறுப்போரால் பெரும்பாலும் வெறும் பிடிவாதமாகவே கணிக்கப்படுகின்றது. அக்கணிப்பு வரலாற்றோடு பொருந்துவதன்று. ஆயின், அவ்வையுறவு அரசியற் செயலாக மாறியபோது விளைந்த பயன் யாது என்னும் வினாவை அவ்வாதிகளும் தம்முள் எழுப்பினாரல்லர்.

மதுசாரம், புகையிலை, சுடுகலன், வெடிபொருள் என்பவற்றுக்கான பணியகம் 1972ஆம் ஆண்டு திறைசேரியின்கீழ்த் தனி நிறுவனமாயிற்று. 2003இல் நீதித் திணைக்களத்தின்கீழ் வந்தது. (பொருந்தாப் பொருள்களை ஒன்றாய் அடுக்கும் அப்பெயர், வரி அறவிட்ட பழைய தொழிலின் எச்சமேயாகும்.) குற்றநோக்கமற்ற குடிமக்களை நுணுக்கமான விதிமீறல்களுக்காக அது வழக்குகளில் சிக்கவைத்தமையை 1982இல் செனற் உபகுழுவொன்று கடுமையாகக் கண்டித்தது. 1986ஆம் ஆண்டுச் சட்டமோ விற்பனையாளரிடத்து நடத்தும் வழக்கமான பரிசோதனையைப் பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை என மட்டுப்படுத்தியதோடு, துப்பாக்கி உடையோர் பற்றிய மத்திய பதிவேட்டையும் தடைசெய்தது.

1993 பெப்ரவரி 28இல் ரெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகருக்கு அண்மையில், மதக்குழுவொன்றின் வாழிடத்துட் பணியகத்தார் புக முனைந்தபோது அவர்களுள் நால்வரும் குழுவினர் அறுவரும் மாண்டனர். ஏப்பிரல் 19இல் எழுபதுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்ட தீ, கூட்டரசுப் புலனாய்வுப் பணியகத்தாரின் நடவடிக்கையின்போது மூண்டதாகும். எனினும் துப்பாக்கி உரிமையாளரின் நினைவில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. பின்னர், 2009 முதல் அரிசோனாவிலே, கடத்தற்காரரைப் பின்தொடரும் நோக்குடன் ஏறத்தாழ 2000 துப்பாக்கிகள் கைமாறப் பணியகமே இடமளித்தது. 2010 டிசம்பரில் எல்லைக் காவலர் ஒருவர் கொல்லப்பட்ட இடத்தில் அவற்றுள் இரண்டு கிடந்தன. இத்துணைக்கும் பின்னர் நம்பிக்கை கொள்ளுமாறு எவரைக் கேட்பது?

நியமனங்களின் கதை வேறு. பணிப்பாளரின் நியமனத்தைச் செனற் சபை உறுதிசெய்தல் வேண்டும் என 2006இல் விதிக்கப்பட்டது. அதன்பின் 2024 முடியும்வரை அவ்வாறு உறுதிபெற்றோர் இருவரே: 2013இல் ரொட் ஜோன்ஸ், 2022இல் ஸ்டீவ் டெற்றல்பாக். எஞ்சிய காலமெல்லாம் பதிற்கடமையாற்றுவோரே இருந்தனர். கட்டுப்பாட்டு இயக்கமொன்றின் ஆலோசகராயிருந்த டேவிட் சிப்மனின் பெயர் 2021இல் மீளப்பெறப்பட்டமை வியப்பன்று. ஆனால், ஜனாதிபதி டிரம்ப் 2019இல் முன்மொழிந்த, பொலிஸ் சங்கத் தலைவர் சக் கன்ரபரியும் குடியரசுக் கட்சியினர் சிலருக்கே உவப்பாகாது போனார். தலைவரில்லாமையால் பணியகத்தின் அதிகாரம் குறைந்ததென எண்ணுதல் தவறு. பரிசோதகர் கடைக்கு வருவர். விதிகளுக்கு விளக்கக் கடிதங்கள் வெளிவரும். குறைந்தது பொறுப்புக்கூறும் முகவரி மட்டுமே.

விளக்கக் கடிதத்தின் வலிமையைப் 'பம்ப் ஸ்ரொக்' விவகாரத்தில் முழுமையாகக் காணலாம். துப்பாக்கியின் பின்னுதைப்பைப் பயன்படுத்தி விரைந்து சுடச்செய்யும் அவ்விணைப்பு இயந்திரத் துப்பாக்கியாகாது எனப் பணியகம் 2010இல், ஒபாமாவின் ஆட்சியிலே, கூறியது. 2017 ஒக்ரோபரில் லாஸ் வேகாஸ் படுகொலை நிகழ்ந்தது. 2018 டிசம்பரில், டிரம்பின் ஆட்சியிலே, அதே சட்டச் சொற்களுக்கு எதிர்ப்பொருள் கூறி, உடையோர் அதனை அழிக்கவோ ஒப்படைக்கவோ வேண்டும் எனப் பணியகம் விதித்தது. முதல்நாள் சட்டப்படி வாங்கிய பொருள் மறுநாள் பத்தாண்டுச் சிறைக்கு ஏதுவாயிற்று. துப்பாக்கி உரிமைவாதிகளின் குற்றச்சாட்டுகளுள் இதுவே மறுத்தற்கரியது. 2024 ஜூனில் உயர் நீதிமன்றமும் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையால் அவ்விதியை நீக்கிற்று.

ஆயின் அவ்விதியை வேண்டி நின்றவர் யார்? லாஸ் வேகாஸ் நிகழ்ச்சிக்குச் சில நாட்களின் பின், காங்கிரஸ் சட்டமியற்றுதலை விடுத்து, பணியகமே அக்கருவியை மீளாய்வு செய்தல் வேண்டுமெனக் கேட்டுக்கொண்டது தேசிய றைபிள் சங்கமே. தாம் நம்பாத நிறுவனத்தின் பேனாவை, வாக்காளர் அறிய நடைபெறும் சட்டவாக்கத்திலும் இலகுவானதென அது கருதியது போலும். 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பின்போது நீதியரசர் அலிற்றோ, சட்டத்தைத் திருத்தும் வழி காங்கிரசுக்குத் திறந்தேயுள்ளது எனத் தனியாக எழுதினார். சில நாட்களுள் அத்தகைய சட்டமூலமொன்று செனற் சபைக்கு வந்தபோது, குடியரசுக் கட்சி உறுப்பினரொருவரின் ஆட்சேபத்தால் அது நின்றுபோயிற்று.