கெஷீஷும் மேஸ்திரியின் கடிகாரமும்

அப்தெலத்தீஃப் கெஷீஷ் 1960இல் துனிஸில் பிறந்து, ஆறு வயதில் பிரான்ஸின் நீஸ் நகருக்குக் கொண்டுவரப்பட்டவர். தகப்பனார் கட்டடத் தொழிலாளி. இந்த இரண்டு தகவல்களும் கையில் கிடைத்ததும் விமர்சகர்களுக்கு வேலை சுலபமாகிவிடுகிறது: குடியேறியவர், உழைப்பாளியின் மகன், ஆகவே குடியேறிய உழைப்பாளிகளின் குரல். நம்மிடையேயும் ‘அனுபவம்’ என்கிற சொல்லை இப்படி ஜாதகம் மாதிரி எடுத்துக்காட்டுகிறவர்கள் உண்டு. பிறப்பு விஷயத்தைத் தரும், ஒப்புக்கொள்ளலாம். குரலுக்கு அது போதுமா?

அவருடைய 2007ஆம் வருஷத்துப் படம் ‘லா கிரேன் எ ல முலே’. ரவையும் மடவை மீனும் என்று பொருள். ஸேத் துறைமுகத்தில் முப்பத்தைந்து வருஷம் கப்பல் பழுதுபார்த்த ஸ்லிமானுக்கு வயது அறுபதுக்கு மேல். வேலை தாமதமாகிறது என்று சொல்லி அவரது வேலை நேரத்தைக் குறைக்கிறார்கள். அவர் ஒரு பழைய கப்பலைப் பிடித்து அதில் குஸ்குஸ் ஹோட்டல் நடத்தப் பார்க்கிறார். ஸ்லிமானாக வருகிற ஹபீப் பூஃபாரெஸ் தொழில்முறை நடிகர் இல்லை. கெஷீஷின் தகப்பனாரோடு கட்டட வேலை செய்தவர். முற்போக்குப் படக்காரர் வேறொருவர் இந்தக் கதையைத் தொண்ணூறு நிமிஷத்தில், சுரண்டலும் கண்ணீருமாக, முடித்துக் கொடுத்திருப்பார். கெஷீஷுக்கு இரண்டரை மணி நேரம் தேவைப்படுகிறது.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக் காட்சியைச் சொல்ல வேண்டும். விவாகரத்தான மனைவி சமைத்த குஸ்குஸைப் பிள்ளைகளும் மருமக்களும் பேரப்பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். ஸ்லிமான் அங்கே இல்லை. வாய்கள், விரல்கள், குழம்பு, முள். குழந்தைகளின் டயாபர் விலையைப் பற்றி ஒரு நீண்ட பேச்சு. கதை ஓர் அங்குலம் நகர்வதில்லை. வெட்டு விழும் என்று நாம் எதிர்பார்க்கிற இடத்தில் விழுவதில்லை, அடுத்த இடத்திலும் விழுவதில்லை. கிழவரிடம் முதலாளி குற்றமாகக் கண்ட அதே தாமதம் இங்கே படத்தின் உருவமாகியிருக்கிறது. மேஸ்திரியின் கடிகாரத்துக்கு அடங்க மறுப்பது: கெஷீஷின் குரல் என்று நான் சொல்வது இதைத்தான். ‘லெஸ்கீவ்’ (2003) படத்தில் பாரீஸ் புறநகர்க் குடியிருப்புப் பிள்ளைகள் மாரிவோவின் நாடகத்தை ஒத்திகை பார்க்கிறார்கள். அவர்களுடைய வசவுச் சண்டைக்கும் மாரிவோவின் வசனத்துக்கும் காமிரா ஒரே பொறுமையைத் தருகிறது. குடியேறியவர்களின் பிள்ளைகளைப் பேசி முடிக்க விட்ட படங்கள் அதிகமில்லை.

ஆனால் 2013. ‘லா வி தாதெல்’ கான் விழாவில் தங்கப்பனை வாங்கிய அதே மாதம், படத்தில் வேலை செய்த தொழில்நுட்பக்காரர்களின் சங்கம் வரைமுறையற்ற வேலை நேரம் பற்றிப் புகார் சொன்னது. விருதில் பங்குபெற்ற நடிகைகளும் முடிவில்லாமல் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்ட காட்சிகளைப் பற்றிப் பின்னர் பேசினார்கள். தன் வர்க்கத்துக்குத் துரோகம் செய்துவிட்டார் என்றார்கள் சிலர். மறுபடியும் ஜாதகம்! எனக்குத் துரோகமாகப் படவில்லை, அதனாலேயே இது இன்னும் சங்கடமானது. வெட்ட மறுக்கிற அதே பிடிவாதம்தான். வெட்டாத நேரத்தை யாரோ ஒருவர் தன் உடம்பால் கட்டித் தீர்க்க வேண்டியிருக்கிறது.

முந்தைய படத்தில் இது அவருக்குத் தெரிந்திருந்தது. திறப்பு விழா இரவில் குஸ்குஸ் பாத்திரம் காணாமல் போகிறது. பசித்த விருந்தாளிகளைப் பிடித்துவைக்க, ஸ்லிமானுடன் வாழும் பெண்ணின் மகள் ரிம் வயிற்று நடனம் ஆடுகிறாள். வெளியே, தன் மொபெட்டைத் திருடிய பையன்களைத் துரத்தி ஸ்லிமான் ஓடுகிறார். அவள் வயிற்றில் காமிரா தங்குகிற நேரம் எனக்கு அதிகம். நகரத்துக் கனவான்கள் பார்க்கிற பார்வையோடு அதுவும் சேர்ந்துகொள்கிறது. இருந்தும் படம் இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டியது. அவளுடைய வியர்வைக்குப் பக்கத்திலேயே அவருடைய மூச்சிரைப்பு.

2013இல் சாப்பாட்டு மேஜைகள் இன்னும் பொய் சொல்லவில்லை: ஒரு வீட்டில் ஸ்பாகெட்டி, மற்றொன்றில் சிப்பி. படுக்கையறைக்கு வரும்போது காமிரா உடம்புகளோடு மட்டும் நிற்கிறது. வெளியே ஓடுகிறவர் யாரும் இல்லை.