காதைப் பொத்திக்கொண்டு ஓடியவன்
ஜான் பனியனின் பயண நூலில் அன்றாடக் கடமைக்கு இடமுண்டா?

நம் பிரசங்க பீடங்களில் திருமறைக்கு அடுத்தபடியாக அடிக்கடி எடுத்தாளப்பெறும் நூல்களுள், ஜான் பனியன் 1678ஆம் ஆண்டு வெளியிட்ட பயண நூலும் ஒன்று. ‘மோட்சப் பிரயாணம்’ என உரைநடையிலும், எச். ஏ. கிருஷ்ண பிள்ளையவர்கள் 1894இல் வெளியிட்ட ‘இரட்சணிய யாத்திரிகம்’ வாயிலாகச் செய்யுளிலும் அது தமிழ்க் கிறிஸ்தவரின் உடைமையாகிவிட்டது. எனினும், அந்நூலில் நம்மில் பலருக்கு நினைவிருப்பது தொடக்கக் காட்சி ஒன்றே. நாச நகரத்தை விட்டுக் கிறிஸ்தியான் ஓடுகிறான். மனைவியும் மக்களும் பின்னின்று அழைக்கின்றனர். அவனோ விரல்களால் காதைப் பொத்திக்கொண்டு, நித்திய ஜீவனென்று கூவியவாறு ஓடுகிறான்.

இக்காட்சியை நாமும் பன்முறை பிரசங்கித்ததுண்டு. ஒருமுறை ஆராதனை முடிந்தபின், உபதேசியார் ஒருவரின் மனைவியார் நம்மை அணுகி, “ஐயா, அந்தக் கிறிஸ்தியான் போன பிறகு அவன் வீட்டில் உலை வைத்தது யார்?” என்று கேட்டார். அவர்தம் கணவர் கூட்டங்களுக்கென்று வாரக்கணக்கில் ஊர் ஊராய்ச் செல்பவர். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் நின்றுபோயிருந்தது. அன்று நமக்கு விடை தெரியவில்லை. அவ்வினாவை மனத்திற்கொண்டு நூலை மீண்டும் படித்ததன் பயனே இக்கட்டுரை.

1. தொடக்கக் காட்சி கூறுவது

முதற்கண் நூலாசிரியருக்கு நாம் நீதி செய்ய வேண்டும். கிறிஸ்தியான் சொல்லாமற் கொள்ளாமல் ஓடிப்போனவன் அல்லன். தன் மனப் பாரத்தை முதலில் தன் வீட்டாரிடமே திறந்துரைக்கிறான். அவர்கள் அதைச் சித்தக் கலக்கமென்று எண்ணி ஏளனம் செய்தபோதும், அவர்களுக்காகப் பரிதபித்து மன்றாடுகிறான். லூக்கா 14:26இல் ஆண்டவர் விதிக்கும் கடினமான நிபந்தனையையே பனியன் இங்குச் சித்திரமாக்குகிறார். ஆனால், தன் வீட்டாரைப் பராமரியாதவன் விசுவாசத்தை மறுதலித்தவன் என்னும் 1 தீமோத்தேயு 5:8இன் போதனையும் அதே திருமறையில்தான் உள்ளது. இவ்விரண்டையும் பிணைத்துக் காட்டாத பிரசங்கம் பாதிச் சத்தியமேயாகும்.

பனியனே இக்குறையை உணர்ந்திருக்கலாமென்று கருத இடமுண்டு. அலங்கார மாளிகையில் ‘அன்பு’ என்னும் கன்னிகை கிறிஸ்தியானைக் கூர்ந்து வினவுகிறாள்: உனக்குக் குடும்பம் உண்டா? ஏன் அவர்களை உடனழைத்து வரவில்லை? நீ வாயால் கூறியதை உன் நடக்கை கெடுத்துவிடவில்லையா? கிறிஸ்தியான் அழுகிறான். இவ்வுரையாடல் முதற்பதிப்பில் இல்லை. அதே ஆண்டில் வெளிவந்த இரண்டாம் பதிப்பில் சேர்க்கப்பெற்றது. உபதேசியாரின் மனைவியார் கேட்ட வினாவுக்கு நெருங்கிய வினாவை மோட்ச வழியின் மாளிகையிலேயே ஒருத்தி கேட்டுவிட்டாள். அதை நாம்தாம் பிரசங்கிக்காமல் விட்டோம்.

2. வாயாடியின் வீடு

நூலில் மிகக் கூர்மையான பகுதி வாயாடியைப் பற்றியது. மறுபிறப்பு, விசுவாசம், ஜெபம் என எப்பொருள் பற்றியும் அவன் அழகுறப் பேசுவான். உண்மையுள்ளவன் என்னும் நல்ல பயணியே அப்பேச்சில் மயங்குகிறான். அவனை அறிந்தவன் கிறிஸ்தியான். ஏனெனில் இருவரும் ஓர் ஊரார். வாயாடியின் வீட்டில் ஜெபமுமில்லை, மனந்திரும்புதலுமில்லை. வேலையாட்களுக்கு அவன் கொடியவன். அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்தோர் அவனை நம்புவதில்லை. ஒருவனது இறையியலை அறிய அவன் பேச்சைக் கேட்டால் போதாது, அவன் வீட்டாரையும் பணியாளரையும் கடைக்காரரையும் கேட்க வேண்டும் என்பதே இதன் கருத்து. யாக்கோபு 1:27ஐ நூலாசிரியர் இவ்விடத்தில் எடுத்தாள்வது மிகவும் பொருத்தமே.

3. இரக்கத்தின் ஊசி

1684இல் வெளியான இரண்டாம் பாகத்தை நம்மில் மிகச் சிலரே படிக்கின்றனர். அதில் கிறிஸ்தியானாள் தன் நான்கு புதல்வரோடும், ‘இரக்கம்’ என்னும் பெண்ணோடும் பயணம் புறப்படுகிறாள். இரக்கம் சும்மா இருப்பதில்லை. எளியோருக்கு ஆடை தைத்துக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். அவளை மணக்க விரும்பி வந்த இளைஞன், இத்தொழிலால் நாளொன்றுக்கு எவ்வளவு ஈட்டுவாய் என்று கேட்கிறான். விற்பதற்கன்று, கொடுப்பதற்கே தைக்கிறாள் என அறிந்ததும் விலகிப் போகிறான். ஓர் ஊசியையும் நூலையுமே பரிசுத்த வாழ்வின் உரைகல்லாக ஆசிரியர் அமைத்துவிட்டார். வழிகாட்டியாகிய பெருநெஞ்சனும் நடக்கமாட்டாத பலவீனருக்காகத் தன் நடையைத் தளர்த்துகிறான். காதைப் பொத்திக்கொண்டு ஓடுவதற்கு மாறாக, பிறருக்காகக் காத்து நடப்பதே இங்குப் பக்தியாகிறது.

4. நூலின் குறை

எனினும் புகழுரையோடு நிறுத்துவது திறனாய்வாகாது. முதற்பாகத்தில் கிறிஸ்தியானின் தொழில் இன்னதென்று கூறப்படவேயில்லை. அங்கு வாணிகம் என்றால் மாயாபுரிச் சந்தை. செல்வம் என்றால் வழிவிலக்கும் வெள்ளிச் சுரங்கம். வாயில்காப்போன், ஆட்டிடையர் போன்றோர் உழைக்கின்றனர். ஆனால் அவர்கள் பயணிகளல்லர், பயணிகளுக்கு உதவுவோர். பயணம் என்னும் உருவகத்துக்கே உரிய குறை இது: வழிநடப்பவன் எந்த ஊரிலும் ஏர் பூட்டான். உலகத் தொழிலையும் இறைவன் தந்த அழைப்பாகக் கண்ட மார்ட்டின் லூத்தரின் போதனை இவ்வுருவகத்துக்குள் எளிதில் அடங்கவில்லை. ஆகவே, இந்நூலொன்றையே கிறிஸ்தவ வாழ்வின் முழுப் படமாகக் கொள்வோர் வழுவ நேரிடும்.

இக்குறை நூலின் குறையேயன்றி ஆசிரியரின் குறையன்று. கணவன் மனைவி, பெற்றோர் பிள்ளைகள், எசமானர் வேலையாட்கள் ஆகியோரின் கடமைகளைப் பற்றி அவர் 1663ஆம் ஆண்டிலேயே தனி நூல் எழுதினார். 1680இல் வெளியிட்ட ‘மிஸ்டர் பேட்மேன்’ வரலாற்றில் கள்ளத் தராசையும், கடன்காரரை ஏய்க்கும் பொய்யான திவாலையும், ஏழைகளிடம் கொள்ளை விலை பெறுதலையும் வன்மையாகக் கண்டிக்கிறார். பாத்திரங்களுக்கு ஈயம் பூசிப் பழுது பார்த்துப் பிழைத்த அவர், பிரசங்கிப்பதில்லை என வாக்குறுதி தர மறுத்தமையால் 1660 முதல் 1672 வரை பெட்ஃபோர்டு சிறையிலிருந்தார். பார்வையற்ற மகளை நினைந்து உருகியவர். சிறையிலும் காலணி நாடாக்களுக்கு முனை கட்டி விற்றுக் குடும்பத்தைத் தாங்கியவர். காதைப் பொத்திய மனிதனைப் படைத்தவரின் கைகள் பிள்ளைகளுக்காக நாடா முடிந்துகொண்டிருந்தன. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் படிக்க வேண்டும்.

5. நமக்கு

அருள்பணிக்கு ஆயத்தமாகும் மாணாக்கர் இதைச் சிந்திப்பாராக. ஞானஸ்நானப் பதிவேட்டை அன்றன்றே எழுதுதல், காணிக்கைக் கணக்கைக் காசு பிசகாமல் ஒப்புவித்தல், நோயாளியைச் சந்திப்பதாகச் சொன்ன நாளில் சந்தித்தல், கடைக்காரரின் பாக்கியைத் தீர்த்தல், மனைவி மக்களோடு அமர்ந்து உண்ணுதல் ஆகியவை ஊழியத்துக்கு இடையூறுகளல்ல, அவையும் ஊழியமே. கொஞ்சத்தில் உண்மையாயிருப்பவனைப் பற்றி லூக்கா 16:10இல் ஆண்டவர் உரைத்தது இத்தகைய சிறு காரியங்களையும் தழுவியதே.

அந்த உபதேசியாரின் மனைவியாருக்கு இன்று நாம் விடை கூறுவதானால், இவ்வாறே கூறுவோம்: “அம்மா, நீங்கள் கேட்டதை அன்பு என்பவளும் கேட்டாள். அக்கேள்விக்கு அழத் தெரிந்தவனே மேலே நடந்தான். நாம் பாதிக் கதையைச் சொல்லி உங்கள் வீட்டுச் சுமையைக் கூட்டினோம், எங்களை மன்னியுங்கள்.”