கல்வி, உளவியல் ஆய்வுகளில் ஒப்புருவாக்க முறை: ஒரு திறனாய்வு

ஒப்புருவாக்கம் என்பது, உண்மையான மாணவர்களை அளவிடாமல், ஆய்வாளர் வகுத்த விதிகளின்படி கணினியில் தரவுகளை உருவாக்கி, ஒரு புள்ளியியல் முறை அவற்றின்மீது எவ்வாறு செயல்படுகிறது என்று சோதிக்கும் வழியாகும். இது சிமுலேஷன் என்றும், சமவாய்ப்பு எண்களைப் பயன்படுத்தும்போது மாண்டே கார்லோ முறை என்றும் அழைக்கப்படுகிறது. பயிற்சிக்கெனப் பயன்படும் போலி வகுப்பறை, போலி விமானம் போன்றவையும் சிமுலேஷன் எனப்படுகின்றன. இக்கட்டுரை ஆய்வு முறையைப் பற்றியது மட்டுமே.

இம்முறையின் பெரும் பயன், உண்மை முன்கூட்டியே தெரிந்திருப்பது. தேர்வறையில் அமர்ந்திருக்கும் மாணவியின் உண்மையான கணிதத் திறனை எவரும் நேரடியாகக் காண முடியாது. மதிப்பெண்ணிலிருந்து ஊகிக்கவே முடியும். ஒப்புருவாக்கத்தில் அந்தத் திறனை ஆய்வாளரே நிர்ணயிக்கிறார். எனவே ஊகம் எவ்வளவு தவறியது என்பதை அளந்துவிடலாம். இம்முறையின் குறையும் இதே இடத்தில்தான் தொடங்குகிறது. கணினி உருவாக்கிய மாணவர் சொன்னபடி மட்டுமே நடப்பார். உண்மையான மாணவர் அப்படியல்லர்.

வழிமுறை

இரு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் டி-சோதனையை எடுத்துக்கொள்ளலாம். இரு குழுக்களுக்கும் இடையே எந்த வேறுபாடும் இல்லாதவாறு கணினியில் மதிப்பெண்கள் உருவாக்கப்படுகின்றன. அவற்றின்மீது 5 விழுக்காட்டு மட்டத்தில் சோதனை நடத்தப்படுகிறது. இது 10,000 முறை திரும்பச் செய்யப்படுகிறது. வேறுபாடே இல்லாததால், "வேறுபாடு உண்டு" என்ற முடிவு ஏறத்தாழ 500 முறை மட்டுமே வரவேண்டும். இந்தத் தவறான முடிவே முதல் வகைப் பிழை எனப்படுகிறது. 1,500 முறை வந்தால், அந்தச் சூழலில் சோதனை நம்பத்தக்கதல்ல என்று பொருள்.

வரலாறு

இம்முறை கணினிக்கு முந்தியது. டப்ளினில் கின்னஸ் மதுவடி ஆலையில் பணியாற்றிய வில்லியம் கோசெட், "ஸ்டூடண்ட்" என்ற புனைபெயரில் 1908-இல் பயோமெட்ரிகா இதழில் எழுதிய கட்டுரையே டி-சோதனையின் தொடக்கம். தாம் வருவித்த சூத்திரத்தைச் சரிபார்க்க அவர் 3,000 குற்றவாளிகளின் உயரம், இடது நடுவிரல் நீளம் ஆகிய அளவுகளை அட்டைகளில் எழுதினார். அவற்றை நன்றாகக் கலைத்து, நான்கு நான்காகப் பிரித்து 750 மாதிரிகளை எடுத்தார். சூத்திரம் சொன்னதும் அட்டைகள் காட்டியதும் பெரிதும் பொருந்தின.

1940-களில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் ஸ்டானிஸ்லா உலாம், ஜான் வான் நாய்மன் ஆகியோர் இக்கருத்தைக் கணினிக்குக் கொண்டுசென்றனர். நிக்கலஸ் மெட்ரோபோலிசும் உலாமும் 1949-இல் வெளியிட்ட கட்டுரை மாண்டே கார்லோ என்ற பெயரை நிலைபெறச் செய்தது. கோசெட் எடுத்தது உண்மையான மனிதர்களின் அளவுகளை. பின்வந்தவர்களோ பெரும்பாலும் சூத்திரத்திலிருந்து எண்களை உருவாக்கினர். இந்த மாற்றத்தின் விளைவு பிற்காலத்திலேயே தெரியவந்தது.

முறையின் வெற்றிகள்

ஆலன் போனோ 1960-இல் சைக்கலாஜிக்கல் புல்லட்டின் இதழில் வெளியிட்ட ஆய்வு, உளவியலில் இம்முறையின் முன்னோடிகளில் ஒன்று. இரு குழுக்களும் சம அளவில் இருந்தால், பரவற்படிகள் வேறுபட்டாலும் டி-சோதனை பெரிதும் பிழைக்கவில்லை என்று அவர் காட்டினார். ஒரு குழுவில் 5 பேரும் மற்றதில் 15 பேரும் இருந்து, சிறிய குழுவின் பரவற்படி நான்கு மடங்காக இருந்தபோது, 5 விழுக்காடாக இருக்கவேண்டிய பிழை 16 விழுக்காடாக உயர்ந்தது. பெரிய குழுவின் பரவற்படி நான்கு மடங்காக இருந்தபோது அது 1 விழுக்காடாகத் தாழ்ந்தது.

அரசுப் பள்ளி–தனியார் பள்ளி, நகரம்–கிராமம் என்று சமமற்ற குழுக்களை ஒப்பிடும் ஆய்வேடுகளுக்கு இது நேரடியான எச்சரிக்கை. பரவற்படிகள் சமம் என்று கருதாத வெல்ச் சோதனையைப் பயன்படுத்தினால் இச்சிக்கல் பெருமளவு நீங்கும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு, ஜோசப் சிம்மன்ஸ், லீஃப் நெல்சன், யூரி சைமன்சன் ஆகியோர் 2011-இல் வெளியிட்ட கட்டுரை. உளவியல் ஆய்வாளர்கள் இயல்பாக எடுத்துக்கொள்ளும் சலுகைகளை அவர்கள் கணினியில் நடத்திப் பார்த்தனர். இரண்டு அளவுகளை எடுத்து நன்றாக வந்ததை மட்டும் சொல்வது, முடிவு வராவிட்டால் மேலும் சிலரைச் சேர்ப்பது, பாலினத்தைக் கணக்கில் சேர்த்தும் விட்டும் பார்ப்பது, மூன்று குழுக்களில் ஒன்றைக் கைவிடுவது ஆகிய நான்கும் ஒன்றுசேர்ந்தபோது தவறான முடிவின் வாய்ப்பு 5 விழுக்காட்டிலிருந்து ஏறத்தாழ 61 விழுக்காடாக உயர்ந்தது. எந்தச் சலுகையும் மோசடியாகத் தோன்றாத நிலையில் இந்த விளைவு ஏற்பட்டது என்பதே அக்கட்டுரையின் வலிமை. உண்மை முன்கூட்டியே தெரிந்திருக்கும் ஒப்புருவாக்கத்தில்தான் இதை இவ்வளவு தெளிவாகக் காட்ட முடியும்.

திறனாய்வு

1. மணி வடிவ வளைவு என்னும் கற்பனை

பல ஒப்புருவாக்க ஆய்வுகள் மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலைப் பின்பற்றுவதாகவோ, அதிலிருந்து சீராக விலகுவதாகவோ கொள்கின்றன. தியடோர் மிச்சேரி 1989-இல் 440 பெரிய அடைவுத் தேர்வு, உளவியல் அளவீட்டுத் தரவுகளைத் திரட்டிச் சோதித்தார். அவற்றில் ஒன்றுகூட இயல்நிலைப் பரவலாக இல்லை. பல முகடுகள், இடைவெளிகள், ஒருபக்கச் சாய்வு, கனத்த வால்கள் ஆகியவை காணப்பட்டன. இயல்நிலை வளைவை ஒற்றைக்கொம்புக் குதிரையுடன் சேர்த்தே அவர் தம் கட்டுரைக்குத் தலைப்பிட்டார். எல்லோரும் பேசும் அவ்விலங்கைக் கண்டவர் எவருமில்லை.

இதற்குப் பதிலாக ஷ்லோமோ சாவிலோவ்ஸ்கியும் கிளிஃபர்ட் பிளேரும் 1992-இல், மிச்சேரி கண்ட எட்டு வகைப் பரவல்களிலிருந்தே மாதிரிகளை எடுத்து டி-சோதனையை மீண்டும் ஆராய்ந்தனர். சம அளவுள்ள, ஓரளவு பெரிய மாதிரிகளில் அது பெரும்பாலும் தாக்குப்பிடித்தது. மிகுந்த சாய்வு கொண்ட பரவல்களில் தடுமாறியது. கோசெட்டின் அட்டைகளுக்கு, அதாவது உண்மையான அளவுகளுக்கு, ஆய்வு திரும்பிய தருணம் இது.

2. வட்டத்துக்குள் சுற்றும் சான்று

வினாத் துலங்கல் கோட்பாடு, மாணவரின் திறனையும் வினாவின் கடினத்தையும் கொண்டு சரியான விடையின் நிகழ்தகவைக் கணிக்கிறது. பீசா, ஜிஆர்இ போன்ற பெருந்தேர்வுகள் இதன் அடிப்படையில் மதிப்பிடப்படுகின்றன. இத்துறையின் பல ஆய்வுகளில், ஒரு மாதிரியுருவைக் கொண்டே விடைகள் உருவாக்கப்படுகின்றன. பிறகு அதே மாதிரியுருவைக் கொண்டு அவை பகுக்கப்படுகின்றன. தொடக்கத்தில் இட்ட திறன் திரும்பக் கிடைத்ததும் முறை வெற்றி பெற்றதாகச் சொல்லப்படுகிறது.

இவ்வெற்றி நிரல் சரியாக இயங்குகிறது என்பதற்குச் சான்று. தேர்வு நியாயமானது என்பதற்குச் சான்று அல்ல. உண்மையான மாணவர் நேரம் போதாமல் கடைசி வினாக்களை விட்டுவிடுவார், ஊகித்து விடையளிப்பார், சோர்ந்து கவனம் இழப்பார், வினாவின் மொழி புரியாமல் தடுமாறுவார். நேரப் பற்றாக்குறையால் விடுபட்ட விடையைத் தவறான விடையாகக் கொண்டால், திறன் குறைந்தவர் என்று மாணவர்மீதே முத்திரை விழும். இந்த நடத்தைகள் ஒப்புருவாக்கத்தில் இடம்பெறாவிட்டால், அவை உண்டாக்கும் அநீதியும் அதன் முடிவுகளில் இடம்பெறாது.

3. சூழல்களைத் தேர்ந்தெடுத்தல்

புதிய முறையை முன்வைப்பவரே அதைச் சோதிக்கும் சூழல்களையும் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார். மாதிரி அளவு, விடுபட்ட விடைகளின் விகிதம், வினாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைச் சற்று மாற்றினால் போட்டியின் முடிவே மாறக்கூடும். இது நேர்மையின்மையாக இருக்கவேண்டியதில்லை. தாம் தீர்க்க விரும்பிய சிக்கலையே ஆய்வாளர் காட்சியாக அமைப்பது இயல்பு. ஆனால் வாசகர் அதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ளும்போது தவறு நேர்கிறது.

4. திரும்பச் செய்யும் எண்ணிக்கை

ஒப்புருவாக்கமும் ஒரு மாதிரியெடுப்பே. அதற்கும் திட்டப் பிழை உண்டு. உண்மைப் பிழை விகிதம் 5 விழுக்காடாக இருக்கும்போது, 100 முறை மட்டும் செய்தால் கிடைக்கும் விடை சுமார் 0.6 முதல் 9.4 விழுக்காடு வரை ஊசலாடலாம். 1,000 முறை செய்தால் 3.6 முதல் 6.4 வரையிலும், 10,000 முறை செய்தால் 4.6 முதல் 5.4 வரையிலும் சுருங்கும். எனவே 100 முறை செய்த ஆய்வில் ஒரு முறைக்கு 4, மற்றொன்றுக்கு 7 விழுக்காடு கிடைத்தது என்பதை வைத்து முன்னது சிறந்தது எனல் பொருந்தாது.

5. சமவாய்ப்பு எண்களின் தரம்

1960-களில் ஐபிஎம் கணினிகளில் பரவலாகப் பயன்பட்ட ராண்டு என்ற எண் உருவாக்கி, அடுத்தடுத்த மூன்று எண்களை ஒரு புள்ளியாகக் கொண்டால் அப்புள்ளிகள் அனைத்தும் வெறும் 15 தளங்களில் அடங்கிவிடும் குறையுடையது. இன்றைய மென்பொருள்களில் இச்சிக்கல் பெரிதும் தீர்ந்துவிட்டது. ஆயினும் எந்த உருவாக்கி, எந்தத் தொடக்க எண் என்பதைக் குறிப்பிடாத ஆய்வை மற்றவர் அப்படியே திரும்பச் செய்து பார்க்க இயலாது.

மதிப்பீடு

ஒரு முறை சூத்திரம் கோரும் நிபந்தனைகள் மீறப்படும்போது என்ன ஆகும் என்பதை அறிய ஒப்புருவாக்கத்தைவிட எளிய வழி பெரும்பாலும் இல்லை. அது எதிர்மறையாகச் சொல்லும் செய்தியே அதிக உறுதி வாய்ந்தது. சீராக அமைக்கப்பட்ட செயற்கை உலகிலேயே ஒரு முறை தவறினால், அந்த உலகையொத்த உண்மைத் தரவுகளில் அதை நம்ப இடமில்லை. செயற்கை உலகில் வென்றது என்பதாலேயே வகுப்பறையிலும் வெல்லும் என்று கூற முடியாது.

ஆகவே இத்தகைய ஆய்வைப் படிக்கும் மாணவர் முடிவுகளின் அட்டவணைக்கு முன்னதாகத் தரவு உருவான விதத்தைப் படிப்பது நல்லது. பரவலின் வடிவம் உண்மையான தேர்வுத் தரவிலிருந்து எடுக்கப்பட்டதா, உருவாக்கிய மாதிரியுருவும் பகுத்த மாதிரியுருவும் ஒன்றேதானா, எத்தனை முறை திரும்பச் செய்யப்பட்டது, நிரல் வெளியிடப்பட்டுள்ளதா ஆகிய நான்கு வினாக்களுக்கும் விடை தராத ஆய்வு, கணினியில் எவ்வளவு நேரம் ஓடியிருந்தாலும், தன் கருதுகோள்களையே எண்களாகத் திருப்பித் தந்திருக்கக்கூடும்.