வினாக்கொத்து அளப்பது எதை?

ஆசிரியர்கள் பட்டத்துக்காகச் செய்யும் கல்வி ஆய்வுகளில் ஒரு தலைப்பு அலுக்காமல் திரும்பத் திரும்ப வருகிறது: இன்ன பாடம் மீதான மாணவர் மனப்பாங்கு. களம் மாறும், பாடம் மாறும், கருவி மட்டும் மாறாது. இருபது முப்பது கூற்றுகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘பூரண உடன்பாடு’ முதல் ‘முற்றிலும் உடன்பாடின்மை’ வரை ஐந்து கட்டங்கள். பொருத்தமான கட்டத்தில் புள்ளடி இடுக. லுணுகலையிலோ மடூல்சீமையிலோ உள்ள தோட்டப் பாடசாலைக்கு இந்தத் தாள் வந்து சேரும்போது அது உண்மையில் எதை அளக்கிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் கருவிக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். மனப்பாங்கை அளக்க முடியும் என்று 1928இல் தேர்ஸ்டன் வாதிட்டார். அவருடைய முறைக்குக் கூற்றுகளைத் தரம்பிரிக்க நடுவர்கள் பலர் தேவைப்பட்டார்கள். 1932இல் ரென்சிஸ் லிக்கேர்ட் அந்த நடுவர்களை வீட்டுக்கு அனுப்பினார். பதில் சொல்பவரே தம் உடன்பாட்டின் அளவைக் குறிக்கட்டும், புள்ளிகளைக் கூட்டிக்கொள்வோம் என்றார். ஒரு கட்டுத் தாளும் போட்டோப் பிரதிக்குச் சில நூறு ரூபாவும் இருந்தால் சம்பளத்தில் வாழும் ஆசிரியர்கூட ஆய்வு செய்யலாம் என்ற நிலை அப்படித்தான் வந்தது. இது சின்ன விஷயமல்ல.

நல்ல கருவி எதைக் காட்டும் என்பதற்கு 1976இல் வெளிவந்த ஃபெனிமா–ஷெர்மன் கணித மனப்பாங்கு அளவுகோல்கள் சான்று. தன்னம்பிக்கை, பதற்றம், பயன்பாடு, தாய் தந்தையும் ஆசிரியரும் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்ற எண்ணம், கணிதம் ஆண்களுக்குரியது என்ற நினைப்பு என்று அவை விடயத்தைக் கூறு பிரித்துக் கேட்டன. கணிதம் பயன்படும் என்று நம்பியும் ‘எனக்கு அது வராது’ என்று ஒதுங்கும் பிள்ளைக்கு வேண்டிய உதவி வேறு. கணிதத்தால் என்ன பயன் என்று கேட்கும் பிள்ளைக்கு வேண்டியது வேறு. வகுப்பில் வாயே திறக்காத பின்வரிசை மாணவி தாளில் அதைச் சொல்லிவிடக்கூடும். இலங்கையும் இப்படியொரு பெரிய கேள்வியில் சேர்ந்திருக்கிறது. நமது கல்வி பரீட்சைச் சான்றிதழுக்கான ஓட்டமாகிவிட்டது என்று றொனால்ட் டோர் 1976இல் ‘த டிப்ளோமா டிசீஸ்’ நூலில் இலங்கையையும் உதாரணமாக்கி எழுதினார். பிள்ளைகள் உண்மையில் எதற்காகப் படிக்கிறார்கள் என்று இலங்கை உட்பட ஆறு நாடுகளில் கேட்டுப் பார்த்த ஆய்வு 1987இல் வந்தது. கேட்காமல் ஊகிப்பதைவிடக் கேட்பது மேல்.

இனி அந்தத் தாள் வகுப்பறைக்குள் நுழையும் விதத்தைப் பாருங்கள். பேராதனையிலிருந்து பதுளை, பசறை வழியாகச் செங்கலடிக்கு இறங்கும் ஏ5 வீதியில் லுணுகலை இருக்கிறது. அங்கிருந்து கிளைவீதிகளில் ஏறினால் தோட்டங்களும் லயங்களும். வலயக் கல்விப் பணிமனையின் அனுமதிக் கடிதம் அதிபர் மேசைக்கு வரும். அதிபர் வகுப்பாசிரியரிடம் சொல்வார். ஆசிரியர் தாளைப் பகிர்ந்து, “எல்லாரும் ஒழுங்கா நிரப்புங்க” என்று சொல்லி முன்னால் நிற்பார். ‘எனது ஆசிரியர் பாடத்தை விளங்கும்படி கற்பிக்கிறார்’ என்பது ஏழாவது கூற்று. அந்த ஆசிரியர் இரண்டு முழ தூரத்தில் நிற்கிறார்! கையிலுள்ளது பரீட்சைத் தாள் என்று நம்பும் பிள்ளை, “சேர், இதுல எது சரியான விட?” என்று கேட்பதில் வியப்பில்லை. பெரியவர்கள் எழுதிய கூற்றோடு உடன்படுவதே மரியாதை என்று வளர்ந்த பிள்ளை அது. முதற் கட்டத்தில் மேலிருந்து கீழாக வரிசையாக விழும் புள்ளடிகள் பாட ஆர்வத்தைவிடப் பணிவைத்தான் அதிகம் சொல்கின்றன.

இதைக் கண்டுபிடிக்க ஆய்வுமுறையில் வழி இல்லாமலில்லை. எதிர்மறைக் கூற்றுகளை இடையிடையே கலப்பார்கள். ‘விஞ்ஞான பாடம் எனக்குப் பிடிக்காது’ என்பதற்கு ‘உடன்பாடில்லை’ என்று குறிக்க வேண்டிய பதினான்கு வயதுப் பிள்ளை இரண்டு மறுப்புகளுக்கிடையில் தடுமாறும் என்பது வேறு கதை. பெரிய கேடு அதற்குப் பிறகுதான் நடக்கிறது. கருவியின் நம்பகத்தைக் காட்ட 1951இல் குரோன்பாக் தந்த அல்பா குணகம் பயன்படுகிறது, 0.7ஐத் தாண்டினால் நிம்மதி. எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ சொல்லும் வகுப்பில் நேர்மறைக் கூற்றுகள் ஒன்றோடொன்று அழகாக ஒத்துப்போகும். எதிர்மறைக் கூற்றுகள் மட்டும் முரண்டு பிடித்து அல்பாவை இறக்கும். எந்த உருப்படியை நீக்கினால் அல்பா எவ்வளவு உயரும் என்பதைக் கணினியே பட்டியலிட்டுக் காட்டுகிறது. ஆய்வாளர் முரண்டு பிடித்தவற்றை நீக்குகிறார். அதாவது, பிள்ளைகள் வாசிக்காமலே புள்ளடி இட்டார்கள் என்று காட்டிக்கொடுத்த சாட்சியை வெளியேற்றிவிட்டு, மிஞ்சியதற்கு ‘நம்பகமானது’ என்று முத்திரை குத்துகிறார். உள்ளிசைவு இருந்தால் போதாது, அளக்க வந்ததைத்தான் அளந்தோமா என்று தனியே பார்க்க வேண்டும் என்பது பாடநூல் பால பாடம். ஆய்வறிக்கையில் அதற்கு ஒரு பந்திதான் கிடைக்கும்.

சராசரியிலும் ஒரு மயக்கம். பாதி வகுப்பு ஐந்தையும் மறுபாதி ஒன்றையும் தெரிந்தால் சராசரி மூன்று. எல்லோரும் நடுக் கட்டத்தில் இருந்தாலும் மூன்றுதான். இவற்றில் முதல் வகுப்பு பிளவுபட்டுக் கிடக்கிறது என்பதை அந்த மூன்று சொல்லாது.

வராத பிள்ளையைப் பற்றியும் பேச வேண்டும். பாடசாலை மீதான மனப்பாங்கை அளக்கும் நாளில் பாடசாலைக்கு வந்தவர்களிடம்தான் தாள் போகிறது. தம்பியைப் பார்த்துக்கொள்ள லயத்தில் நின்றுவிட்டவள், இடைவிலகிக் கொழும்பில் கடை வேலைக்குப் போனவன் – இவர்களுடைய மனப்பாங்குதான் நமக்கு அதிகம் தேவை. பிரதான வீதியோரப் பாடசாலையைத் தெரிவுசெய்து, பஸ் போகாத டிவிசன் பாடசாலையை விட்டுவிட்டால் மாதிரி இன்னும் இனிமையாகிவிடும்.

இனிமையான புள்ளியை எப்படி வாசிப்பது? டிம்ஸ் எனும் சர்வதேச ஒப்பீட்டு ஆய்வில் யப்பான், கொரியப் பிள்ளைகள் கணிதத்தில் உச்சப் புள்ளி எடுத்தும் பாடத்தின் மீதான விருப்பத்தில் கீழே நிற்கிறார்கள். நோர்வேயிலிருந்து நடத்தப்பட்ட ‘ரோஸ்’ ஆய்வில், நாடு எவ்வளவு பின்தங்கியதோ அவ்வளவுக்கு விஞ்ஞானத்தில் இளையோர் ஆர்வம் கூடியிருந்தது. கிடைக்காததன் மீதான ஏக்கமும் ‘உயர் மனப்பாங்கு’ என்றே பதிவாகும் என்பது இதன் ஒரு பொருள். க.பொ.த. உயர்தர விஞ்ஞானப் பிரிவு எட்டாத தூரத்தில் இருக்கும் தோட்டத்துப் பிள்ளை ‘விஞ்ஞானம் கற்க விரும்புகிறேன்’ என்பதற்குப் பூரண உடன்பாடு போட்டால், அதை அப்படித்தான் நான் வாசிப்பேன்.

புள்ளி தாழ்ந்தால் விதந்துரை தயாராக இருக்கிறது: மாணவர் மனப்பாங்கை மாற்ற விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்த வேண்டும். இந்த நடைமுறையில் எனக்குள்ள பெரிய ஆட்சேபம் இங்கேதான். பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, ஆய்வுகூடம் இல்லை, காலை பஸ் ஒழுங்காக வருவதில்லை என்ற குறைகளெல்லாம் வினாக்கொத்து வழியாகப் பிள்ளையின் மனதுக்குள் குடியேறிவிடுகின்றன. 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்ற காலத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் கடன் பத்து வயதுப் பிள்ளையின் கணக்கில் எழுதப்படுகிறது.

ஆசிரியர்களுக்கான வினாக்கொத்து இன்னும் சிக்கலானது. 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு நியமனம் பெற்ற ஆசிரிய உதவியாளர்களுக்குத் தொடக்கத்தில் மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பின்னர் 10,000. அப்படியொருவரிடம் ‘எனது தொழிலில் திருப்தி அடைகிறேன்’ என்ற கூற்றை நீட்டி ஐந்தில் ஒன்றைத் தெரியச் சொல்வது கேலிபோல இருக்கும். பெயர் கேட்கவில்லை என்பதும் சமாதானமாகாது. பகுதி ‘அ’வில் பால், வயது, சேவைக்காலம், கற்பிக்கும் பாடம் என்று நான்கு கேள்விகள்; பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் உள்ள பாடசாலையில் அந்த நான்கு பதில்களும் சேர்ந்தால் ஆள் யாரென்று அதிபருக்குத் தெரிந்துவிடும். மாணவர்களைச் சமமாக நடத்துவேன், லயத்துப் பிள்ளையாலும் முடியும் என்று எல்லோரும் குறிப்பார்கள். 1934இல் லாப்பியர் எழுதியதை மறக்கக் கூடாது: ஒரு சீனத் தம்பதியோடு அவர் அமெரிக்கா முழுக்கச் சுற்றியபோது ஒரேயோர் இடத்தில்தான் இடம் மறுக்கப்பட்டது; பிறகு கடிதம் எழுதிக் கேட்டபோது பதில் தந்தவர்களில் தொண்ணூறு வீதத்துக்கும் மேல் சீனரை ஏற்கமாட்டோம் என்றார்கள். தாளும் நடத்தையும் ஒன்றையொன்று பொய்யாக்கலாம். அங்கே தாளைவிட நடத்தை நல்லதாக இருந்தது. வகுப்பறையில் அது தலைகீழாகவும் இருக்கலாம்.

ஆகவே வினாக்கொத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதைத் தனிச் சாட்சியாக ஏற்கக் கூடாது என்கிறேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் தேசியக் கல்வி ஆராய்ச்சி மதிப்பீட்டு நிலையம் தேசிய மட்டத்தில் அடைவுகளை மதிப்பிடும்போது பரீட்சையோடு பின்னணி வினாக்கொத்துகளையும் சேர்த்தே தருகிறது. தனியாள் ஆய்வாளரால் பரீட்சை நடத்த முடியாமற் போகலாம். ஆனால் வரவுப் பதிவேடு, நேரசூசி, அந்தப் பாடம் உண்மையில் நடந்த பாடவேளைகள் எல்லாம் பாடசாலையிலேயே இருக்கின்றன. முப்பது கூற்றுகளைப் பன்னிரண்டாகக் குறைத்து, கடைசியில் பிள்ளை தன் பேச்சுத் தமிழில் நான்கு வரி எழுத இடம் விடலாம். தாளைப் பகிரும்போது வகுப்பாசிரியர் வெளியே நிற்கட்டும்.

ஆய்வுகளுக்கு ஒப்புதல் தரும் மேற்பார்வையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். அல்பா எவ்வளவு என்று கேட்குமுன், நீக்கிய உருப்படிகளின் பட்டியலையும், அன்று வராத மாணவரின் எண்ணிக்கையையும், அந்தப் பாடத்துக்கு அவ்வாண்டு ஆசிரியர் இருந்தாரா என்ற விவரத்தையும் கேளுங்கள். முடிவுகளை இரண்டு பக்கத் தமிழில் எழுதி அதே பாடசாலை அதிபரிடமும் பெற்றோரிடமும் கொடுத்த பிறகே ஆய்வறிக்கையில் கையொப்பமிடுங்கள்.