நன்னன் மூதூர்: மலைபடுகடாம் காட்டும் மதிலும் வாயிலும்

பத்துப்பாட்டினுள் நகர்ச் சிறப்புக்கு மதுரைக்காஞ்சியையும் பட்டினப்பாலையையும் எடுத்துக்காட்டுவது நம் ஆராய்ச்சியாளர் வழக்கம். கச்சியைக் காண விழைவார் பெரும்பாணாற்றுப்படையை நாடுவர். மலைபடுகடாமோ மலைவளம் கூறும் பாட்டென்றே எண்ணப்பட்டு வந்துள்ளது. 583 அடிகளுள் நகரைப் புனைவன பத்தளவே ஆதலின் அவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும், சவ்வாது மலையடியில் நின்ற ஒரு பழைய மதில்சூழ் நகரைப் பற்றி அப்பாட்டுக் கூறுவது போன்ற செய்தி வேறெங்கும் இல்லை. அப்பகுதியை மரபுரை என்று தள்ளுதலும், நில அளவையாளர் வரைந்த படம்போல் அடிதோறும் சான்றாகக் கொள்ளுதலும் பொருந்தா என்பது நம் கருத்து.

இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டின் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாத்து வேள் நன்னன்சேய் நன்னன். செங்கண்மா இன்றைய செங்கம் என்பதில் ஐயமில்லை. சவ்வாது மலையில் தோன்றும் செய்யாறு அவ்வூர் வழியே இறங்குகின்றது. பாட்டும் அதனைச் சேயாறு எனப் பெயர் சுட்டியே கூறுகின்றது. நவிரம் என்னும் மலையைப் பருவதமலை எனக் கொள்வர். செங்கத்துக் கோயிற் கல்வெட்டுப் பாடல் ஒன்றும் நன்னனது வெற்பைக் கடாத்தொடு சேர்த்துப் பேசுதலின், இப்பாட்டின் நினைவு அம்மண்ணிலேயே நெடுங்காலம் வாழ்ந்தமை புலனாகும்.

இனி, மதிலைப் பார்ப்போம். பரிசில் பெற்று மீளும் கூத்தன், எதிர்வந்தார்க்குத் தான் கூறப்போவனவற்றை முதலில் தொகுத்துரைக்கும் இடத்திலேயே மதில் வருகின்றது. கல்லை அகழ்ந்து ஆக்கிய கிடங்கு, அதில் இரைதேரும் முதலை, மலையை ஒத்து வானைத் தொடும் இஞ்சி ஆகியவற்றை அங்கே காண்கின்றோம். அகழியும் முதலையும் பழைய நகர்ப் புனைவுகளில் பொதுவாக வருவன. ஆனால் கல்லகழ் கிடங்கு என்பதைப் பொதுவென்று விட இயலாது. கச்சியைப் பாடிய உருத்திரங்கண்ணனார் சுடுமண்ணால் ஓங்கிய நகர் என்றார். திருமாலின் உந்தித் தாமரைப் பொகுட்டை அதற்கு உவமை ஆக்கினார். அது செங்கல் சுடும் சமநிலத்து நகர். இதுவோ பாறை நிலத்து ஊர். அகழ வேண்டின் கல்லைத்தான் அகழ வேண்டும். மதிலுக்கு உவமை வேண்டின் கண்முன் நிற்பது மலையே.

இம்மதில் எவர்க்கு எதிரே நிற்கின்றது? பகைவர் நாட்டை அழித்து, வென்றவற்றைப் புலவர்க்கு ஈந்த நன்னன் முன்னோரைக் கூறிய உடனேயே புலவர் மதிலைக் கூறுகின்றார். ஆதலின் அது பகைவன் கண்ணிற் படும் மதில். கூத்தர் நகரை நேரே அணுகுமிடத்துக் கிடங்கும் முதலையும் மீண்டும் வருவதில்லை. செல்வம் உறங்கும் உயர்ந்த வரைப்பு என்ற ஒரு தொடரோடு மதிலைக் கடந்து, ஊர்விட்டுப் பெயர்தலறியாத பழங்குடி, இடம் போதாத பெருங்கடைத்தெரு, யாறெனக் கிடந்த தெரு, இகழ்வார் அஞ்சும் கவர்த்த மறுகு, ஓங்கிய மாடம் எனப் பாட்டு விரைகின்றது. மறவர் வேல்களைச் சாத்தி வைத்த கடுங்காவல் வாயிலின் முன்னும், ஐயுறாது புகுக என்பதே கூத்தன் சொல். ஒரே மதில் பகைவர்க்கு அரணாகவும் இரவலர்க்கு வாயிலாகவும் ஆகின்றது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை இந்நகர்ப் புனைவை இவ்வாறு இரண்டாகப் பகுத்து வைத்துள்ளதை உணராமல் பத்து அடிகளை மட்டும் எண்ணிப் பார்த்தால் நகர் சுருங்கியதாகவே தோன்றும்.

தெருவை யாற்றொடு உவமித்தல் நெடுநல்வாடையிலும் மதுரைக்காஞ்சியிலும் உண்டு. ஊர் பெயராப் பழங்குடி சிலப்பதிகாரத்துப் புகாரிலும் உண்டு. இவை பொதுச்சொத்து என்பதை மறுப்பதற்கில்லை. ஒலிக்குக் கடலை உவமித்ததும் மரபு பற்றியதே. எனினும் ஆற்றங்கரை பற்றி நடந்து வந்த கூத்தர்க்குத் தெரு யாறாகத் தோன்றுதல், மதுரையில் தோன்றுதலினும் பொருத்தம் மிக உடையது.

இப்பாட்டின் நகர்ப்பகுதிக்கு உயிரளிப்பது, நம் எண்ணத்தில், அரண்மனை முற்றத்துப் பொருள்வரிசையே. நகர்க்கு ஈந்த அடிகளினும் அதற்கு ஈந்தவை மிகப் பல. இனத்தைப் பிரிந்து அகப்பட்ட ஆமான் கன்று, யானைக் கன்று, கரடிக் குட்டி, வருடைத் தகர், பாம்பை வெல்லும் கீரி, புலிக்கு அஞ்சிய மரையான் கன்று, உடும்பு, மயில், கானக்கோழி, பலாப்பழம் என மலை முழுதும் இறங்கி வந்து நிற்கின்றது. இவையெல்லாம் நெடிய வாயிலில் நிறைந்தமைக்குக் குடமலையிற் பிறந்த காவிரி கடலொடு கலக்கும் கழிமுகத்தை உவமை கூறினார் புலவர். இது மரபுவழி வந்த கடலன்று. மலையிற் பிறந்தது ஓடிவந்து சேருமிடம் கழிமுகம். மலைபடு பொருள் வந்து சேருமிடம் இவ்வாயில். செங்கண்மாத்தின் செல்வம் மருதத்து நெல்லினாலோ நெய்தலின் கலத்தினாலோ மட்டும் வந்ததன்று என்பதை இதனினும் சுருங்கச் சொல்லல் அரிது.

நிலமும் இதற்கு ஒத்து நிற்கின்றது. பாராமகாலுக்கும் கீழைச் சமவெளிக்கும் இடையே செங்கம் கணவாய் ஒரு வாயில். 1767-இல் ஐதரலிக்கும் ஆங்கிலேயர்க்கும் செங்கத்தில் போர் நேர்ந்தது அவ்வழியின் பொருட்டே. அப்பகுதி நடுகற்கள் பல்லவர் காலத்தில் ஆநிரைப் பூசலிலும் போரிலும் பட்டார் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 'செங்கம் நடுகற்கள்' என 1972-இல் அவை நூலாகவும் வெளிவந்தன. மலைபடுகடாத்தின் கூத்தரும் கவர்த்த வழிகளில் எழுத்துப் பொறித்த கற்களையும் கடவுள் உறையும் மராமரத்தையும் கண்டே செல்கின்றனர். பாட்டின் கற்களும் பல்லவர் காலக் கற்களும் ஒன்றல்ல, காலம் வேறு. இருப்பினும் வழியும் வாயிலும் காத்து மடிந்தார்க்குக் கல் நடும் வழக்கம் அந்நிலத்திற்கு எவ்வளவு உரியது என்பதை அவை காட்டும்.

மதுரையைப் பாடியவர் நகரினுள் நின்று பாடினார். பெருங்கௌசிகனாரோ ஏறத்தாழ நானூறு அடி வழிநடந்த பின்னரே நகரைக் காட்டுகின்றார். பாட்டின் இறுதியடியிலும் நன்னனை நகர்க்கு உரியோன் என்னாது குன்று சூழ்ந்த இருக்கைகளையுடைய நாட்டுக்கு உரியோன் என்றே முடிக்கின்றார்.